எழுத்தாளரின் புத்தகங்களுக்குப் பழைய நூலகத்தில் ஓர் அறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்தாளர் ஒருவர் மறைந்த சில மாதங்களில் இந்தப் பேச்சு கிளம்பும். வீட்டில் இரண்டு அறை நிறையப் புத்தகம், பிள்ளைகள் வெளியூரில். ஊரில் ஒரு பழைய நூலகக் கட்டடம் பாதி பூட்டிக் கிடக்கும். "அங்கே ஒரு கூடத்தைச் சரிபண்ணி ஐயாவோட புத்தகங்களை வெச்சா என்ன?" என்று வாசகர் வட்டத்தில் யாராவது கேட்பார்கள். பழைய சுவர்களிலும் பழைய தாள்களிலும் பல வருடமாகக் கைவைத்து வருவதால் அதற்கு அடுத்த கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

முதலில் யாரைக் கூப்பிடுவது, கொத்தனாரையா நூலகரையா?

இருவரையும் வேண்டாம். முதலில் செல்போனை எடுத்துக்கொண்டு எழுத்தாளரின் வீட்டுக்குப் போங்கள். எந்தப் புத்தகத்தையும் தொடாமல் அலமாரி அலமாரியாக, தட்டுத் தட்டாகப் படம் எடுங்கள். முதுகில் உள்ள தலைப்பு படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கவேண்டும். கட்டிலுக்கு அடியில் உள்ள கட்டு, பரண்மேல் உள்ள சாக்கு, மேசையில் கவிழ்த்து வைத்த புத்தகம் எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு ஒவ்வொரு அலமாரிக்கும் ஓர் எண், தட்டுக்கு ஓர் எண், தட்டில் இடமிருந்து வலமாகப் புத்தகத்துக்கு ஓர் எண் கொடுங்கள். 3-2-17 என்றால் மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டு, பதினேழாவது புத்தகம். இந்த எண்ணைத் துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்தபிறகுதான் அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேசவேண்டும்.

இதைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு சின்ன ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஆர்வமுள்ள இளைஞர்கள் பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலத்துக்குள் ஐயாயிரம் புத்தகத்தையும் தூசி தட்டி, உயரவாரியாகப் பிரித்து, கயிறு கட்டி முடித்துவிட்டார்கள். உள்ளே இருந்த சீட்டுகள் "குப்பை" என்று ஒரு பையில் போயின. பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, அஞ்சலட்டை, ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிய நான்கு வரி. அந்தப் பையை மட்டும் எப்படியோ மீட்டோம். எது எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை இனி யாராலும் சொல்லமுடியாது. கட்டடத்துக்குச் செய்த தவறுகளைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இதற்கு வழியே இல்லை.

புத்தகங்கள் முறையான நூலக வரிசையில் இருக்கவேண்டாமா? அவர் வீட்டில் எல்லாம் கலைந்தல்லவா கிடந்தது?

கலைந்து கிடந்தது என்று உங்களுக்குத் தெரிகிறது. சித்தர் பாடலுக்குப் பக்கத்தில் ரயில்வே கால அட்டவணை ஏன் இருந்தது என்று அவருக்குத் தெரியும். ஒருவேளை அவர் எழுதிக்கொண்டிருந்த நாவலுக்கு இரண்டும் தேவைப்பட்டிருக்கலாம். ஆய்வு செய்ய வருகிற பிள்ளைக்கு அந்த அக்கம்பக்கம்தான் துப்பு.

எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர்; 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார், 1933-ல் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் கோலன் பகுப்பு முறையை. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கிற உயிர் என்பது அவருடைய ஐந்தாம் விதி. எழுத்தாளரின் தொகுப்போ வளர்ச்சி நின்றுபோன நூலகம். அதன் உரிமையாளர் கடைசியாக எந்த நிலையில் விட்டுப் போனாரோ அந்த நிலைதான் அதன் மதிப்பு. ரங்கநாதனைக் கைவிடச் சொல்லவில்லை. பகுப்பு எண் பட்டியலில் இருக்கட்டும், பொருள்வாரியாகத் தேடுகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். அலமாரியில் மட்டும் அவருடைய வரிசையை விட்டுவையுங்கள்.

இதே காரணத்துக்காக ஒரே நூலின் மூன்று படிகள் இருந்தால் இரண்டைக் கழித்துவிடாதீர்கள். ஒன்றில் அவருடைய திருத்தங்கள் இருக்கும், இன்னொன்றில் நண்பரின் கையெழுத்து, மூன்றாவது சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் பென்சில் விலையோடு வாங்கியது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. அந்தப் பென்சில் விலைகூட இன்றைக்கு ஒரு சரித்திரம்தான்.

நூலக முத்திரையை எழுத்தாளரின் கையெழுத்துமேல் குத்துகிற வழக்கத்துக்கு மட்டும் என்னிடம் மன்னிப்பே கிடையாது.

இதற்கு முன்னால் எங்காவது செய்திருக்கிறார்களா?

நிறைய. நான் எல்லோருக்கும் சொல்வது மெக்சிகோ நகரத்தின் லா சியுதாதெலா.

அது நூலகமாகப் பிறக்கவே இல்லை. 1793-ல் தொடங்கி 1807-ல் கட்டி முடித்த அரசுப் புகையிலை ஆலை அது. தடித்த சுவர்கள், நீண்ட கூடங்கள், வரிசையாக முற்றங்கள். சில ஆண்டுகளிலேயே ராணுவம் எடுத்துக்கொண்டது. கோட்டை என்ற பொருள் தரும் பெயர் அப்படி வந்ததுதான். விடுதலைப் போராட்டத் தலைவர் மோரேலோஸை 1815-ல் சுட்டுக் கொல்வதற்கு முன் இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். 1913 பிப்ரவரியில் ஜனாதிபதி மதேரோவுக்கு எதிராகக் கிளம்பியவர்கள் இதற்குள் இருந்துகொண்டு பீரங்கிச் சண்டை நடத்தினார்கள். ஜனாதிபதியின் தம்பி குஸ்தாவோ மதேரோ இங்கே கொல்லப்பட்டார். இத்தனை ரத்தம் பார்த்த கட்டடத்தின் ஒரு பகுதியில் 1946-ல் மெக்சிகோ நூலகத்தைத் திறந்து, எழுத்தாளர் ஹோசே வாஸ்கோன்செலோஸை முதல் இயக்குநர் ஆக்கினார்கள். 1959-ல் இறக்கும்வரை அவர்தான் அங்கே.

1980களின் கடைசியில் ஆப்ரகாம் சப்லுதோவ்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் திறந்த முற்றங்களுக்குக் கூரை போட்டார். பழைய சுவர்மேல் உத்தரத்தை ஏற்றவில்லை. முற்றத்துக்கு நடுவில் தூண்களை எழுப்பிக் குடை விரித்ததுபோல் கூரையை நிறுத்தினார். இதை நம் ஊர் ஒப்பந்தக்காரர்களிடம் படம் வரைந்தே காட்டியிருக்கிறேன். புதியது தன் காலில் நிற்கவேண்டும், பழையதன் தோளில் ஏறக்கூடாது.

நமக்கு வேண்டிய அத்தியாயம் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஐந்து எழுத்தாளர்களின் சொந்த நூலகங்களை அரசு வாங்கி இங்கே கொண்டுவந்தது: ஹோசே லூயிஸ் மார்தினெஸ், அந்தோனியோ காஸ்த்ரோ லெயால், ஹைமே கார்சியா தெர்ரேஸ், அலி சுமாசெரோ, கார்லோஸ் மோன்சிவாயிஸ். மார்தினெஸின் தொகுப்பு மட்டும் சுமார் 70 ஆயிரம், மோன்சிவாயிஸின் தொகுப்பு சுமார் 24 ஆயிரம். ஐந்தையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கவில்லை. ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு கட்டடக் கலைஞர். ஒருவர் அறையிலிருந்து இன்னொருவர் அறைக்குப் போனால் வேறு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கவேண்டும் என்பதுதான் எண்ணம்.

இன்னும் சில: இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோவின் நவீன நூல்கள் 90 ஆண்டு ஒப்பந்தத்தில் பொலோஞா பல்கலைக்கழக நூலகத்துக்கும், அரிய பழம்பதிப்புகள் மிலானின் பிராய்தென்சே நூலகத்துக்கும் போயின. நம் பக்கத்தில், மறைமலையடிகளின் நூல்களைக் கொண்டு சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958-ல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு நூலகம் திறந்தது. பின்னாளில் அது கன்னிமரா பொது நூலக வளாகத்துக்கு வந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா எழுத்தாளர் அல்ல, சேகரிப்பாளர். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கியும் கடல் கடத்திக்கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்தது. அந்த ஒரு முடிவால்தான் நாம் இன்றைக்கு ஒரு பஸ் ஏறிப் போய்ப் படிக்கமுடிகிறது.

எங்கள் நூலகம் மெட்ராஸ் ஒட்டுத் தளம் போட்ட பழைய கட்டடம். மாடியில் வைக்கலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்ப் புத்தகங்கள் மெலிசு, ஒரு மீட்டர் தட்டில் சராசரியாக நாற்பது நிற்கும். பத்தாயிரம் புத்தகத்துக்கு 250 மீட்டர் தட்டு வேண்டும். மீட்டருக்கு 30 கிலோ என்று வைத்தால் ஏழரை டன். ஒரு லாரிச் சுமையை மாடியில் நிரந்தரமாக நிறுத்துகிறீர்கள்.

இந்தியத் தர நிர்ணய விதிப்படி வீட்டு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமை என்று வடிவமைத்தால் போதும். புத்தக அடுக்கு அறைக்கு 6, அதாவது ஏறத்தாழ 600 கிலோ. அடுக்கின் உயரம் 2.2 மீட்டரைத் தாண்டினால் இன்னும் கூடும். மெட்ராஸ் ஒட்டு என்பது தேக்கு உத்தரத்தின்மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துக்கல்லாகப் பதித்து, மேலே செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு (தட்டையான ஓடு) பரப்பிய தளம். எண்பது, நூறு வருடம் தாங்கியிருக்கிறது என்பார்கள். தாங்கியது நாற்காலியையும் ஆட்களையும். புத்தகம் சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போகாது.

என் பதில் பெரும்பாலும் தரைத்தளம் என்பதே. மாடிதான் என்றால் உத்தரத்தின் இரு முனைகளும் சுவருக்குள் புகுகிற இடத்தைக் கிளறிப் பாருங்கள். நடுவில் வைரம் பாய்ந்த மரமாக இருக்கும். சுவருக்குள் ஈரம் பட்டுப்பட்டு முனை மட்டும் கைப்பிடி மண்ணாக உதிரும். ஒரு கட்டடத்தில் திருப்புளியை அழுத்தினேன், பிடிவரை உள்ளே போய்விட்டது. கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்தில்லாமல் ஒரு பீரோவைக்கூட மேலே ஏற்றாதீர்கள்.

சுவர் பொரிந்து உதிர்கிறது. சிமென்ட் பூசி நல்ல பெயின்ட் அடித்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன்.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அடியிலிருந்து கொஞ்சம் ஈரம் ஏறும், பகலில் காற்றோடு போய்விடும். அப்படி மூச்சு விட்டுத்தான் அது இத்தனை காலம் நின்றது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியே வழி அடைபடுகிறது. உள்ளேயே மேலே ஏறுகிறது. முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த உப்பு, இரண்டு மழைக்காலத்தில் தோள் உயரத்துக்கு வரும். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருந்தால் சுவர் அம்மை போட்ட மாதிரி கொப்பளிக்கும். அந்தச் சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் கீழ்த்தட்டுப் புத்தகங்களின் அட்டையில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம்.

பொரிந்த பூச்சைச் சுரண்டி எடுங்கள். சுவரைச் சில மாதம் ஆறவிடுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை உடைந்த மழைநீர்க் குழாய், மொட்டைமாடியில் முளைத்த அரசங்கன்று, அல்லது வெளியே தெருமட்டம் உயர்ந்து உள்தரை பள்ளமானது. காரணத்தை நிறுத்தியபிறகு நன்றாகப் புளித்த சுண்ணாம்பில் பூசி வெள்ளையடியுங்கள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்க்கிற பழைய முறை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி அதிகம், வேலை மெதுவாக நடக்கும். அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

அலமாரி வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். கீழ்த்தட்டு தரையிலிருந்து முக்கால் சாணாவது உயரத்தில் இருக்கட்டும். சுவரில் ஆணி வேண்டாம்.

ஏசி அவசியமா?

இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் என்றால் போடுங்கள். காலை பத்துக்குப் போட்டு மாலை ஐந்துக்கு அணைப்பதாக இருந்தால் போடாமல் இருப்பதே நல்லது. பகலெல்லாம் குளிர்ந்த அட்டைமேல் இரவில் கடற்கரை ஊரின் ஈரக்காற்று படியும்போது புத்தகம் வியர்க்கும். தினமும் அது விரிந்து சுருங்குகிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சென்னையில் வருடத்தில் பாதி நாள் வெளியே அதற்கும் மேல்தான். அதனால் 60-க்குக் கீழே, ஏற்ற இறக்கம் இல்லாமல் வைக்கப் பாருங்கள். ஒரு சின்ன ஈரப்பதமானியை வாங்கி மாட்டி, தினமும் இரண்டு வேளை நோட்டில் குறியுங்கள். உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல், மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, மழை நாளில் மட்டும் ஈரம் உறிஞ்சும் இயந்திரம். பெரும்பாலான ஊர்களுக்கு இது போதும்.

நேர் வெயில் மட்டும் எந்தத் தட்டிலும் விழக்கூடாது.

பூச்சி?

வீட்டிலிருந்து நேராக நூலகத்துக்குள் கொண்டு போகாதீர்கள். ராமபாணப் பூச்சி ஒரு புத்தகத்தில் இருந்தால் ஆறே மாதத்தில் கூடம் முழுக்க இருக்கும். ரசாயனம் இல்லாத வழி, உறைய வைப்பது. புத்தகத்தைப் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கி ஒட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வைக்கவேண்டும். எடுத்தபிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது, திறந்தால் பனி படியும். மீன் ஏற்றுமதிக் குளிர்க்கிடங்கு இருக்கிற ஊரில் பேசிப் பாருங்கள். முதலில் விநோதமாகப் பார்ப்பார்கள், பிறகு இடம் கொடுப்பார்கள். தோல் கட்டு, ஓலைச்சுவடி, போட்டோ இவற்றை மட்டும் விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் உறைய வைக்காதீர்கள்.

பழைய புத்தகத்துக்குள் வெள்ளைப் பொடி தெரிந்தால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடவேண்டாம். ஒரு காலத்தில் டிடிடி, கேமக்சின் போன்ற நச்சுப் பூச்சிமருந்துகளைத் தாராளமாகத் தூவினார்கள். கறையானுக்கு முதல் மருந்து தரையும் சுவரும் சேரும் இடத்தை வாரம் ஒருமுறை குனிந்து பார்ப்பது.

தாள் அப்பளமாக நொறுங்குகிறது. லேமினேட் செய்யலாமா?

கூடாது. செலோடேப்பும் கூடாது. சாணித்தாளில் இருக்கிற அமிலம்தான் அதை நொறுக்குகிறது. லேமினேட் செய்தால் அந்த அமிலத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறீர்கள். அமிலமற்ற அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து, ஸ்கேன் எடுத்து, மூலத்தை ஓய்வில் விடுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் கட்டடமே எதற்கு?

இரண்டும் வேண்டும். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97 ஆயிரம் நூல்களும் சுவடிகளும் போயின. ஆனந்த குமாரசுவாமி, ஐசக் தம்பையா போன்றவர்களின் பெயரில் இருந்த தனித் தொகுப்புகளும் அதில் அடக்கம். கட்டடத்தைத் திரும்ப எழுப்பினார்கள், அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறு படி தேடினார்கள். ஓரக்குறிப்பு எழுதிய படிக்கு மாற்றுப் படி எங்கே இருக்கும்? அதனால் முதலில் ஸ்கேன் செய்யவேண்டியது கையெழுத்து உள்ள பக்கங்களை. ஒரு நகல் வேறு ஊரில் இருக்கட்டும். கட்டடத்தில் பழைய மரப்பட்டி ஒயரிங் இருந்தால் முழுவதும் பிடுங்கிப் புதிதாகப் போடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

மேசை, நாற்காலி, மூக்குக்கண்ணாடி எல்லாம் வைக்க நினைக்கிறோம். மார்பளவு சிலை?

மேசை சரி. அதில் யாராவது உட்கார்ந்து படிக்க முடிந்தால் இன்னும் சரி. கயிறு கட்டி, மாலை போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் பேனாவை வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருமுறை வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், மறுமுறை வரமாட்டார்கள். சிலைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பட்டியலாளருக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

குடும்பத்தோடு எழுத்து மூலம் ஏதாவது போட்டுக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம். வாய்ப்பேச்சில் வாங்கியது பத்து வருடத்தில் வழக்காக வரும். நூல்கள் நன்கொடையா, இத்தனை ஆண்டுக்கு ஒப்படைப்பா? திருப்பிக் கேட்கலாமா? கழிக்க, மாற்ற யாருக்கு உரிமை? தொகுப்பைப் பிரிக்கமாட்டோம் என்ற வரி இருக்கிறதா?

பலர் தவறுவது கடிதங்களில். காகிதம் உங்களுக்கு வந்துவிட்டால் உள்ளே எழுதியதும் வந்துவிடாது. ஒரு கடிதத்தின் பதிப்புரிமை அதை எழுதியவருக்கு, பெற்றவருக்கு அல்ல. இந்தியாவில் அது எழுதியவர் மறைந்தபின் 60 ஆண்டு நீடிக்கும்; அவர் இருந்தவரை வெளியாகாத கடிதம் என்றால் அந்த 60 ஆண்டு, அது முதலில் வெளியான ஆண்டுக்குப் பிறகே தொடங்கும். நண்பர் எழுதிய கடிதத்தை வாசகர்கள் பார்க்கக் கொடுக்கலாம், அந்த நண்பரின் குடும்பத்தைக் கேட்காமல் மலரில் அச்சிடக்கூடாது. மூன்றாம் மனிதரின் நோய், கடன், காதல் பற்றிய கடிதங்களை இத்தனை வருடம் மூடி வைப்பது என்று முதலிலேயே முடிவெடுங்கள்.

வெளியே படிக்கக் கொடுக்கலாமா?

இந்தத் தொகுப்பிலிருந்து கூடாது. அதே தலைப்புகளில் புதுப் படிகள் வாங்கி நூலகத்தின் பொதுப் பகுதியில் வையுங்கள். அவருடைய அறையில் ஒரு புத்தகத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர் அடுத்த கூடத்தில் அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

பணம் பாதிதான் சேர்ந்திருக்கிறது. எதை விடலாம்?

கூரை, மழைநீர்க் குழாய், மின்சாரம், பட்டியல். இந்த நான்கையும் விடக்கூடாது. தரைக்கு கிரானைட், கண்ணாடிக் கதவு, பொய்க்கூரை ஆகியவற்றை விடலாம். பொய்க்கூரையைப் பணம் இருந்தாலும் விடலாம். மேலே ஒழுகுவது அட்டை நனைந்து கீழே விழும்வரை யாருக்கும் தெரியாது.

திறப்பு விழாவுக்கு எழுத்தாளரின் பிறந்தநாள் ஐப்பசியில் வருகிறது. அன்றே வைத்துவிடலாமா?

விழாவை வேண்டுமானால் வையுங்கள், புத்தகத்தை வைக்காதீர்கள். புதுச் சுண்ணாம்புப் பூச்சு காய மாதக்கணக்கில் ஆகும். ஒழுகுகிறதா என்பதை வடகிழக்குப் பருவமழைதான் சொல்லும், ஒப்பந்தக்காரர் சொல்லமாட்டார். காலி அலமாரிகளை அவற்றின் இடத்தில் நிறுத்தி, தட்டுகளில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் காத்திருங்கள். ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் காலையில் போய்த் தாளைத் தொட்டுப் பாருங்கள். எந்தத் தட்டில் தாள் நமுத்திருக்கிறதோ அதற்கு நேர்மேலே தட்டோட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தை பிறந்ததும் பெட்டிகளை வண்டியில் ஏற்றலாம்.